பெந்தவுஸில் வெடித்த கடுகு

கதவைத் திறந்த டொக்டர் சண்முகவேல் வந்தவர்களின் முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்தைத்தான் பார்த்தார். பெப்ரவரி மாதத்து மொன்ட்ரியால் தெருவில் நடந்து வந்த சப்பாத்து எப்படி இருக்கும்? உப்பும் சேறுமாகக் கிடந்தது.

"கழட்டிட்டு உள்ள வாங்க. தரை இத்தாலியிலேருந்து வந்தது."

"நாங்கள் மொன்ட்ரியால்-நோரில இருந்து வாறம் டொக்டர். தரைதான் எங்களைவிடக் கனதூரம் வந்திருக்கு" என்றான் வசீகரன்.

டொக்டர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கென்று யாரும் அந்த வீட்டில் கூடியிருக்கவுமில்லை. சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் வசீகரனுக்கு நினைவு வந்தது, இடது காலுறையின் ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்க்கும் என்று. அந்தக் காலை மற்றக் காலின் பின்னால் ஒளித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான்.

வசீகரன் ஒரு காலத்தில் இந்த நகரத்தில் டாக்ஸி ஓடியவன். இப்போது துப்பறிவாளர் தாட்சாயினிக்கு உதவியாளன். வயதில் அவளைவிட நன்றாக மூத்தவன். அதனால் அவள் அவனை அண்ணை என்பாள். சம்பளம் கொடுப்பவள் என்பதால் அவன் அவளை மேடம் என்பான். இரண்டிலும் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று இருவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

வரவேற்பறைச் சோபாவில் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஒரு நெட்டையான வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். பெயர் றெனோல்ட். நீலக் கதவுச் சங்கத்தின் மொன்ட்ரியால் மேலாளர். அவர் பிரெஞ்சிலும் இங்கிலிஷிலும் மாறி மாறிச் சொன்னதன் சாரம் இதுதான்: சங்கத்தில் இப்படி ஒரு அசிங்கம் நடந்ததே இல்லை, அதை இன்றைக்கே கழுவிவிட வேண்டும்.

நீலக் கதவுச் சங்கம் என்பது வீடு மாற்றிக்கொள்பவர்களின் சங்கம். உன் வீட்டில் நான், என் வீட்டில் நீ. வாடகை கிடையாது, நம்பிக்கைதான் எல்லாம். ஆனால் குடியிருக்கிற வீட்டைக் காட்டிச் சேர முடியாது. அதற்கு மேல் இன்னொரு வீடு வேண்டும். விடுமுறைக்கென்றே வைத்திருக்கிற, பார்த்தவன் வாய் பிளக்கிற வீடு. சண்முகவேல் குடியிருப்பது கர்க்லாண்டில். இதய டொக்டர். சங்கத்தில் சேர வேண்டும் என்பதற்காகவே பழைய துறைமுகத்துப் பக்கம் இந்த உச்சி மாடிப் பெந்தவுஸை வாங்கினார். கர்க்லாண்டிலிருந்து அரை மணித்தியால ஓட்டம். சொந்த ஊரிலேயே விடுமுறை வீடு வாங்கிவிட்டு, அதில் ஒரு நாள்கூடப் படுக்காத மனிதரை வசீகரன் இப்போதுதான் பார்க்கிறான்.

நடந்தது இவ்வளவுதான். டொக்டரும் மனைவி பிரியம்வதாவும் போர்த்துக்கலில் ஒரு பெல்ஜியத் தம்பதியின் கடற்கரை வீட்டுக்குப் போனார்கள். அந்தத் தம்பதி இங்கே வந்தார்கள். வந்தவர்களுக்குக் குளிர் பிடிக்கவில்லை, முதல் கிழமையிலேயே மூட்டையைக் கட்டிவிட்டார்கள். அன்றைக்கே வீட்டு வேலைக்கு வருகிற யோகராணி வந்து கழுவித் துடைத்தாள். அதற்குப் பிறகு ஒரு கிழமை வீடு சும்மா கிடந்தது. டொக்டர் திரும்பி வந்து பார்த்தால், பூட்டிய அலுமாரிக்குள் இருந்த பிரியம்வதாவின் சிவப்புக்கல் அட்டிகையைக் காணோம். பூட்டு உடையவில்லை. அலுமாரியின் திறப்பு, அந்தச் சாவி, இருக்கும் இடம் ஃப்ரீஸருக்குள், ஐஸ் தட்டுக்குக் கீழே. அது டொக்டருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், போர்வை எடுக்க வேண்டியிருந்ததால் யோகராணிக்கும் தெரியும்.

ஆகவே யோகராணிதான் கள்ளி. டொக்டர் அப்படித்தான் சொன்னார். றெனோல்டும் தலையாட்டினார். பெல்ஜியக்காரரைச் சந்தேகிப்பதைவிட வேலைக்காரியைச் சந்தேகிப்பது சங்கத்துக்கு வசதி.

யோகராணியின் அகதி வழக்கு செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன்னால் பொலிஸில் ஒரு களவுக் கேஸ் பதிந்தால் அவள் கதை முடிந்தது. அவளுடைய அத்தான் குணரத்தினம், மரக்கறிக் கடை வைத்திருப்பவர், அவளைக் கேட்காமலே தாட்சாயினியிடம் ஓடி வந்தது அதனால்தான்.

"நாலு மணிக்கு நானும் இவரும் ஸ்டேஷன் போறோம்" என்றார் டொக்டர். "அதுக்குள்ள என்ன கிழிக்கணுமோ கிழிங்க. எங்க வேணும்னாலும் பாருங்க. அந்தப் பொம்பளை வீட்டையும் போய்ப் பாருங்க."

"மேடத்தோட கதைக்கலாமோ?" என்று தாட்சாயினி கேட்டாள்.

கர்க்லாண்டில் படுத்திருக்கிறாள், பயணக் களைப்பு, தொந்தரவு செய்யக்கூடாது என்று பதில் வந்தது. கேள்வி முடிவதற்கு முன்னமே வந்த பதில்.

குசினிக்குப் போனார்கள். வெளிச்சம் போட வந்த டொக்டர் சுவரைத் தடவினார். ஒரு சுவிச்சை அமத்தினார். தொட்டிக்குள் இருந்த குப்பை அரைக்கும் மெஷின் உறுமியது. இன்னொன்றை அமத்தினார். அடுப்புக்கு மேலே காற்றாடி சுற்றியது. கடைசியில் றெனோல்ட்தான் எழும்பி வந்து சரியான சுவிச்சைப் போட்டார்.

வெளிச்சம் வந்ததும் வசீகரன் அண்ணாந்தான். அண்ணாந்தவன் வாயை மூடியிருக்கலாம்.

"மேடம், மேல பாருங்கோ. வீட்டுக்கு ஆரோ தொப்பி போட்டு விட்டிருக்கினம்."

கூரையில் புகை அலாரம். அதற்கு மேலே, குளிக்கும்போது தலைமயிர் நனையாமல் போடுகிற பிளாஸ்டிக் தொப்பி. இறப்பர் விளிம்பு இறுக்கிப் பிடித்தபடி இருந்தது.

கடல் கடந்த எந்தத் தமிழனுக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொதி எண்ணெயில் செத்தல் மிளகாய் விழுந்தால் அலாரம் கத்தும். அலாரம் கத்தினால் தீயணைப்பு வண்டி வரும், மாடி முழுக்கச் சனம் இரவு உடுப்போடு பனிக்குள் இறங்கி நிற்கும். ஆகவே தாளிக்க முன்னம் அலாரத்தின் வாயைக் கட்ட வேண்டும். எந்தச் சமையல் குறிப்பிலும் எழுதாத முதல் வேலை அது. கடைசி வேலை, மறக்காமல் அதைக் கழற்றுவது. அதைத்தான் யாரோ மறந்திருக்கிறார்கள்.

றெனோல்டுக்கு விளங்கவில்லை. தாட்சாயினி விளங்கப்படுத்தினாள். அவருடைய முகம் இன்னும் இறுகியது. டொக்டர் கையைத் தட்டாத குறை.

"பாத்தீங்களா? பெல்ஜியம்காரன் மொளகா தாளிப்பானா? வீடு காலியா இருந்தப்ப இந்தப் பொம்பளை இங்க தங்கி, சமைச்சு, சாப்பிட்டு, நகையை எடுத்துட்டுப் போயிருக்கா. ரொம்ப தேங்க்ஸ். நீங்களே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க."

 யாரைக் காப்பாற்ற வந்தார்களோ அவளுடைய கழுத்தில் வசீகரன் தன் வாயாலேயே கயிற்றைப் போட்டிருக்கிறான். தாட்சாயினியைப் பார்த்தான். அவள் அவனைத் திட்டவுமில்லை, திரும்பவுமில்லை. பஸ் கார்டை எடுத்து, அடுப்புக்கும் மேடைக்கும் இடையில் இருந்த மெல்லிய இடுக்கில் விட்டு இழுத்தாள். எதுவோ வந்தது. அதைக் கடதாசிக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் போட்டாள். டொக்டர் தொப்பியை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

காருக்குள் ஏறியதும் வசீகரன் மன்னிப்புக் கேட்டான். தன் நாக்குக்கும் ஒரு தொப்பி வாங்கிப் போட வேண்டும் என்றான்.

"விடுங்கோ அண்ணை. இதைப் பாருங்கோ." அவள் கைக்குட்டையை விரித்தாள். வெடித்த கடுகு கொஞ்சம். அதோடு பொன்னிறமாகப் பொரிந்த பாதிப் பருப்புகள்.

"உழுந்து" என்றான் வசீகரன்.

"எங்கட ஆக்கள் தாளிதத்துக்கு உழுந்து போடுவினமோ?"

"உழுந்து வடைக்கும் தோசைக்கும். தாளிதத்துக்குப் பெருஞ்சீரகமெல்லோ." சொல்லிவிட்டு அவன் வாயை மூடினான். பிறகு மெதுவாகத் திறந்தான். "இந்தியாக்காரர்தான் கடுகோட உழுந்து போடுறவை."

"யோகராணி அக்கா பருத்தித்துறை. அவ சமைச்சிருந்தா இதுக்குள்ள பெருஞ்சீரகம் கிடக்கும்."

"அப்ப டொக்டர்?"

குசினியில் லைட் போடத் தெரியாத மனிசன் கடுகு தாளிப்பாரா என்று அவள் திருப்பிக் கேட்டாள். டொக்டரின் ஒரே மகன் ஹர்ஷ் வன்கூவரில் இருக்கிறான், இந்தப் பக்கம் வந்தே இரண்டு வருசமாகிறது, அதை அவள் காலையிலேயே ஃபோன் போட்டு விசாரித்துவிட்டாள். மிச்சம் ஒரே ஆள்தான்.

"அந்த அம்மா அந்த நேரம் போர்த்துக்கலிலையெல்லோ?"

"அப்படித்தான் டொக்டர் சொல்லுறார்" என்றாள் தாட்சாயினி. "கர்க்லாண்டுக்கு விடுங்கோ."

கர்க்லாண்டில் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. பெரிய கராஜ், சின்ன மரம், ஆளரவம் இல்லாத தெரு. டொக்டர் வீட்டு மணியை அடித்தார்கள். கதவைத் தட்டினார்கள். பயணக் களைப்பில் படுத்திருப்பவள் எழும்பக்கூடிய அளவுக்குத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு நாய் எழும்பியது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அந்தத் தெருவில் மறுசுழற்சிக் குப்பை எடுக்கிற நாள். டொக்டர் வீட்டு நீலப் பெட்டி தெருவோரத்தில் நின்றது, காற்று அதன் மூடியைத் திறந்து விட்டிருந்தது. வசீகரன் எட்டிப் பார்த்தான். உறைந்த பீட்சாப் பெட்டிகள். எல்லாம் ஒரு ஆளுக்கானவை.

"மேடம், வீட்டில மனுசி இருக்கேக்க எந்தத் தமிழ் டொக்டர் தனி ஆளா ஃப்ரோஸன் பீட்சா தின்னுறவர்? என்னை மாதிரி மனுசி விட்டிட்டுப் போன ஆக்களின்ர சாப்பாடு இது. நான் இந்தக் கொம்பனிக்கு ஏழு வருச வாடிக்கையாளர்."

சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு அவன் பெட்டியின் மூடியை மெதுவாக மூடினான். தாட்சாயினி வீதியின் மறுமுனையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, வழியில் ஒரு தெப்பனரில் நிற்பாட்டி இரண்டு கோப்பி வாங்கி வரச் சொன்னாள். அவன் அந்த மூலைக்கடைக்குள் போய்க் கோப்பியோடு திரும்பி வந்தபோது அவள் யாருடனோ பிரெஞ்சில் பேசி முடித்து ஃபோனை வைத்தாள். யார் என்று கேட்டான்.

"பேந்து சொல்லுறன். லாசாலுக்கு, யோகராணி அக்கா வீட்டுக்கு விடுங்கோ. ஓடாமல், ஆறுதலாய்ப் போங்கோ."

டாக்ஸிக்காரனை மெதுவாகப் போகச் சொல்வது மீனைக் குடை பிடிக்கச் சொல்வது மாதிரி. இருந்தாலும் போனான்.

யோகராணி குடியிருப்பது லாசாலில், செங்கல் நிறத்து அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடியில். சங்கிலியைக் கழற்றாமலே கதவை நாலு விரல் அளவு திறந்தாள். கட்டையான, உரமான உடம்பு. கண் நித்திரை கொண்டு கனநாள் ஆனது போல் இருந்தது.

"ஆர் உங்களை வரச் சொன்னது?"

குணரத்தினம் அண்ணை என்று சொன்னதும் அத்தானைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை வந்தது. தனக்கு ஒருவரும் உதவி செய்ய வேண்டாம், பொலிஸ் வந்தால் வரட்டும், தான் எடுக்கவில்லை, அவ்வளவுதான் என்றாள். பின்னால் மாடிப்படியில் யாரோ ஏறி வரவும், வாசலில் நின்று கதைப்பது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும் என்று பயந்து உள்ளே விட்டாள்.

சின்ன வீடு. ஒரு படுக்கையறை, அதன் கதவு பூட்டியிருந்தது. சோபாவில் தலையணையும் போர்வையும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்ப யாழ்ப்பாணத்துக் கோபத்தாலும் முடியாது. கேத்திலை வைத்துவிட்டு அவள் தட்டு அலுமாரியைத் திறந்தாள். மூடினாள். பக்கத்து அலுமாரியைத் திறந்தாள். அதையும் மூடினாள். பிறகு குனிந்து தொட்டிக்குக் கீழே பார்த்தாள். சீனிப் போத்தல் கடைசியில் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்தது.

வசீகரன் வாயைத் திறந்தான். இந்த முறை தாட்சாயினியே கண்ணால் சொன்னாள், சொல்லுங்கோ என்று.

"என்ர மச்சாள் ஒருக்கா வந்து ஒரு கிழமை நிண்டு, குசினியை ஒழுங்காக்கி விட்டிட்டுப் போனவ. டின் வெட்டுறதை இண்டைக்கும் தேடிக்கொண்டிருக்கிறன் அக்கா. உங்களிட்ட வந்து நிக்கிறது ஆர்?"

யோகராணியின் கையில் கரண்டி நின்றது. "ஒருத்தரும் இல்லை."

தாட்சாயினி படுக்கையறைக் கதவுக்கு அருகே போனாள். தட்டவில்லை. "பிரியம்வதா மேடம், நான் உங்கட புருசன்ர ஆள் இல்லை. அந்தப் பெந்தவுஸில உழுந்து தாளிச்சது நீங்கள். அலாரத்தில தொப்பியை மறந்து விட்டதும் நீங்கள். அதுக்கு இவ மறியலுக்குப் போகப் போறா."

"அங்க ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனானெல்லோ" என்று யோகராணி இடையில் வந்து நின்றாள்.  

கதவு திறந்தது.

ஐம்பதைத் தாண்டிய பெண். யோகராணியின் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டிருந்தாள், கை நீளம் போதவில்லை. களவுக் கேஸ் பற்றி அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது என்பதை முகமே சொன்னது. யோகராணி அதை அவளிடம் மறைத்து வைத்திருக்கிறாள்.

"என்ன யோகா, போலீஸா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்கள் திரும்பிப் போயிருப்பியள்" என்றாள் யோகராணி. வேறு விளக்கம் தரவில்லை.

பிரியம்வதா நின்றபடியே சொன்னாள். நாலு வருசமாக ஊர் ஊராகப் போய்ப் பெரிய பெரிய வீடுகளில் தங்கினார்கள். சங்கத்தில் விருந்தாளிக்கு மற்றவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். அந்த நட்சத்திரம் குறையக்கூடாது என்பதற்காகப் போகிற இடமெல்லாம் அவள்தான் தரை துடைத்தாள், அடுப்புத் தேய்த்தாள், படுக்கை விரிப்புத் துவைத்தாள்.

"உலகம் பூரா சுத்திட்டேன். எல்லா ஊர்லயும் நான் பாத்தது அடுத்தவங்க சிங்க்தான். போர்த்துக்கல்ல ஒரு ஒயின் கிளாஸ் உடைஞ்சுது. அதுக்குக் கை ஓங்கினாரு. ஓங்கினதோட நிக்கல."

மறுநாள் தனியாக விமானம் ஏறினாள். வீடு சும்மா கிடந்ததால் பெந்தவுஸில் தங்கினாள். செடிக்குத் தண்ணி ஊற்ற வந்த யோகராணி அவளை அங்கே கண்டாள். டொக்டர் திரும்பி வருகிற நாள் நெருங்கியதும் இங்கே கூட்டி வந்துவிட்டாள். அட்டிகை அம்மா போட்டது, தன்னுடையது, எடுத்துக்கொண்டாள். நாளைக்கு டொராண்டோவில் தங்கை வீட்டுக்குப் போவதாக இருந்தது.

"வீட்டை விட்டு ஓடி வந்த மனுசியை என்னெண்டு காட்டிக் குடுக்கிறது?" என்றாள் யோகராணி, யாரையும் பார்க்காமல். "நானும் ஓடி வந்தவள்தான்."

அப்போது கதவு தட்டப்பட்டது.

வசீகரன் கண்ணாடி ஓட்டையால் பார்த்தான். திரும்பினான். பகிடி எதுவும் வரவில்லை. "டொக்டர்."

"தெரியும்" என்றாள் தாட்சாயினி. "பெந்தவுஸில இருந்தே எங்களுக்குப் பின்னால வாறார். கறுப்புக் கார். கர்க்லாண்டில கண்டனான்."

வசீகரனுக்கு முகம் சுட்டது. எத்தனையோ வருசம் இந்த வீதிகளில் ஓடியவன், பின்னால் வந்த காரைப் பார்க்கவில்லை. அதைவிட மற்றது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. நகை எங்கே என்று டொக்டருக்கு முதலிலேயே தெரியும். மனைவி எங்கே என்றுதான் தெரியாது. களவு என்று சொல்லி யோகராணியை நெருக்கினால் அவள் வாய் திறப்பாள் என்று கணக்குப் போட்டார், அவள் திறக்கவில்லை. துப்பறிய இரண்டு பேர் வந்ததும் கதவை அகலத் திறந்து விட்டார். எங்கே வேணுமென்றாலும் பாருங்கள் என்றார். வேட்டை நாயை யாராவது கட்டி வைப்பார்களா? அவிழ்த்து விட்டுவிட்டுப் பின்னால் வந்திருக்கிறார்.

யோகராணிக்கும் விளங்கிவிட்டது. "நீங்கள்தான் அவனைக் கொண்டு வந்து விட்டிருக்கிறியள்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பரவாயில்லை என்று வசீகரனுக்குப் பட்டது.

தாட்சாயினி கதவைத் திறந்தாள்.

டொக்டர் சப்பாத்தோடு உள்ளே வந்தார். உப்பும் சேறும் யோகராணியின் கம்பளத்தில் அச்சு அச்சாக விழுந்தது. மற்றவர்களை அவர் பார்க்கவே இல்லை.

"கிளம்பு பிரியா. வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?"

"சீன் போடாத. நீ இப்ப வந்தா கம்ப்ளெயின்ட் இல்ல. வரலைன்னா நாலு மணிக்கு இவ பேர்ல கேஸ். செவ்வாய்க்கிழமை இவளைப் பிளேன் ஏத்துவாங்க. அது உன் பாவம்."

 பிரியம்வதா யோகராணியைப் பார்த்தாள். யோகராணி தலையை இல்லை என்று ஆட்டினாள். பிரியம்வதா சோபாவில் கிடந்த தன் மேலங்கியை எடுத்தாள். ஒரு கையை விட்டாள். ஒரு பெண்ணின் வழக்குக்காக இன்னொரு பெண் தன் கழுத்தை நீட்டுகிறாள், அதைத் தானே ஓட்டி வந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று வசீகரன் நினைத்தான். 

"கொஞ்சம் பொறுங்கோ மேடம்" என்றாள் தாட்சாயினி. "இன்னொரு ஆள் வரவேணும். நான்தான் வரச் சொன்னனான். நகை லாசாலில இருக்கு, வந்து கண்ணால பாருங்கோ எண்டு."

படியில் பாரமான காலடி கேட்டது. மூச்சு வாங்கியபடி றெனோல்ட் வாசலில் வந்து நின்றார். நகையோடு கள்ளியைப் பார்க்க வந்தவர், முதலில் டொக்டரைப் பார்த்தார். பிறகு, சங்கத்து விருந்துகளில் கணவனுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிற மதாமைப் பார்த்தார்.

டொக்டர் உடனே வழுவழுப்பான பிரெஞ்சுக்கு மாறினார். குடும்ப விசயம், மனைவிக்கு மனநிலை சரியில்லை, நாலு மணிக்குச் சந்திப்போம் என்றார். றெனோல்ட் படிப்பக்கம் திரும்பத் தொடங்கினார். அப்போதுதான் பிரியம்வதா ஸ்வெட்டரின் கழுத்தைக் கீழே இழுத்தாள். சிவப்புக்கல் அட்டிகை கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், தோள்பட்டையில், அடிபட்டு மஞ்சளாக மாறத் தொடங்கிய ஒரு கண்டல்.

அவள் வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சில் பேசினாள். ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல். இது என்னுடையது, என் கழுத்தில் இருக்கிறது, இதில் யார் கள்ளர் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். றெனோல்ட் அட்டிகையைப் பார்த்ததைவிட நேரமெடுத்துக் கண்டலைப் பார்த்தார். பிறகு டொக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நகை மதாமிடம் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?

டொக்டர் தன் சங்கத்து உரிமை, தன் வக்கீல், தன் பெந்தவுஸ் என்று பேசத் தொடங்கினார்.

றெனோல்டின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஏதோ ஒன்று தளர்ந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. நோயாளி எவனாவது வழக்குப் போட்டு வீட்டைப் பறித்துவிடுவான் என்ற பயத்தில் டொக்டர்மார் பலர் வீடு வாசலை மனைவி பேரில் எழுதுவார்கள். சண்முகவேலும் அப்படித்தான் எழுதியிருந்தார். எழுதிவிட்டு மறந்தும்விட்டார், ஏனென்றால் மனைவி தனியாக ஒரு ஆள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் நீலக் கதவுச் சங்கம் மறக்கவில்லை. அங்கே வீடு யார் பேரிலோ அவர்தான் அங்கத்தவர்.

றெனோல்ட் அதை மிக மரியாதையாகச் சொன்னார். மிஸ்யூ, இத்தனை வருசமும் நீங்கள் எங்கள் அங்கத்தவரின் விருந்தாளி. அங்கத்தவர் மதாம். பெந்தவுஸின் திறப்பை அவரிடம் கொடுங்கள். பொலிஸுக்குப் போவதென்றால் போங்கள். நானும் வருகிறேன், இன்று இங்கே பார்த்ததைச் சொல்ல.

டொக்டர் மனைவியைப் பார்த்து, "நீ என்கிட்டதான் வருவ" என்றார். சாவியைக் கம்பளத்தில் எறிந்துவிட்டு இறங்கிப் போனார். கீழே கார்க் கதவு அடித்த சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது.

பிரியம்வதா குனிந்து சாவியை எடுத்தாள். றெனோல்ட் யோகராணியிடம் வந்து, தொண்டையைச் செருமி, முறைப்பாடு எதுவும் இல்லை என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவர் போன பிறகு யோகராணி தாட்சாயினிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்த வெள்ளை வராமல் விட்டிருந்தா?"

"எல்லாம் பிழைச்சுப் போயிருக்கும்" என்றாள் தாட்சாயினி.

"எங்களை ஒரு வார்த்தை கேட்டியளோ?"

"கேக்கேல்ல. கேட்டிருந்தா நீங்கள் கதவு திறந்திருக்க மாட்டியள்."

கொதித்து ஆறிப்போன கேத்திலை யோகராணி மறுபடி போட்டாள்.  வசீகரன் போகலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினான். இந்த வீட்டில் நன்றி என்ற சொல் கிடைக்காது, கிடைக்க வேண்டிய நியாயமும் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"செவ்வாய்க்கிழமை காலமை வழக்கு" என்றாள் யோகராணி. "என்னோட வர ஆள் இல்லை. நீங்கள் வாறியளோ?"

"வாறன்" என்றாள் தாட்சாயினி.

யோகராணி வசீகரனைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"இவர் வேண்டாம். அங்கையும் ஏதும் பகிடி விட்டாரெண்டால் நான் திரும்பப் பருத்தித்துறையிலதான்."